பெயரில்லாத சமையல்காரியும் உன் அம்மாவும்

இன்று காலை ஆபீஸ் பஸ் எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறும்போது முன் இருக்கையில் யாரோ கமலா ஆரஞ்சு உரித்தார்கள். அந்த வாசனையோடு நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாய். ஒரு கையில் சுளை, மறு கையில் பாடப்புத்தகம். நம் பாட நாவலின் பக்கமெல்லாம் உன் விரல்பட்டு அப்படித்தான் மணக்கும்.

அஞ்சல் வழியில் தமிழ் எம்.ஏ. படிக்கலாம் என்று என்னை இழுத்துவிட்டவள் நீ. பகலெல்லாம் வாடிக்கையாளர் புகார்களைக் கேட்டு அலுத்த நமக்கு, போக வர அந்தப் பஸ்தான் வகுப்பறை. அல்சூரில் பெண்கள் விடுதியில் தங்கியிருந்த நான் வேலூர்க்காரி. நீ மர்பி டவுனிலேயே பிறந்து வளர்ந்தவள். நம் பாட நாவல் ஒரு பெரிய வீட்டுக் கதை. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு குடும்ப மானத்தைக் காக்கும் மருமகள்தான் நாயகி. அவளுக்காக நான் அழுதேன். நீ மட்டும் அந்த வீட்டில் சோறாக்குகிறவளையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"முதல் அத்தியாயத்துலேர்ந்து கடைசி வரைக்கும் வர்றாடி. இவளுக்கு ஒரு பேர் இல்ல பாரு."

ஞாயிற்றுக்கிழமை நேர்முக வகுப்பில் அதையே கேட்டாய். பேராசிரியர் சிரித்தார். "அது துணைப் பாத்திரம்மா. பொறுமைங்கிற குணத்தை மருமகள்கிட்டப் பாருங்க."

"ரெண்டு பேரும்தானே சார் பொறுத்துக்கிறாங்க? மருமக பொறுத்தா குணம், சமையல்காரி பொறுத்தா வேலையா?"

அவர் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். வெளியே வந்த பிறகும் உன் முகம் சிவந்தே இருந்தது.

அன்று வீட்டுச் சாவி வாங்க பிரேசர் டவுனுக்குப் போனோம். உன் அம்மா அங்கே ஒரு வீட்டில் சமையல் வேலை பார்த்தார். நீ பள்ளியில் சேர்வதற்கு முன்பிருந்தே அதே வீடு. அந்த மேடம் நல்லவர். நம்மை சோபாவில் உட்காரவைத்து, "ஆயா, பொண்ணுங்களுக்குக் காபி குடு" என்று உள்ளே குரல் கொடுத்தார். நீ உட்காரவில்லை.

"மேடம், எங்கம்மா பேர் என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?"

மேடத்தின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. பெயர் வரவில்லை. "எல்லாரும் ஆயான்னுதானேம்மா..." என்று இழுத்தார். கரண்டியோடு ஓடிவந்த உன் அம்மா, "ஏய், சும்னிரு!" என்று கன்னடத்தில் அதட்டினார். கோபம் வந்தால் அவருக்குக் கன்னடம்தான் முந்தும். கேட் வரைக்கும் வந்து சாவியை உன் கையில் திணித்தார். "வேலை போச்சுன்னா யாரு பதில் சொல்றது? உன் படிப்பெல்லாம் வெளியிலயே வெச்சுட்டு வா."

பஸ் ஸ்டாப்பில் நீ அழுதாய். "அவங்களுக்காகக் கேட்டேனா, எனக்காகக் கேட்டேனாடி?" என்றாய். உன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் உன் அம்மா பயந்துகொண்டேதான் வேலைக்குப் போனார். சாயங்காலம் திரும்பியவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாராம். வாட்ச்மேனிடம் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, மேடம் அடுப்படி வரைக்கும் வந்திருக்கிறார். "ஆரோக்கியமேரின்னு கூப்பிட்டாங்கடி. வேற யாரையோன்னு நான்பாட்டுக்கு வெங்காயம் அரிஞ்சுட்டிருந்தேன்." பஸ்ஸில் இதை அம்மா மாதிரியே நடித்துக்காட்டிச் சிரித்த நீ, பாதியிலேயே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

தேர்வில் பாத்திரப் படைப்பும் சமூக அமைப்பும் என்று கேள்வி வந்தது. கூடுதல் தாள் கேட்டு வாங்கி எழுதினாய். நாம் இருவரும் தேறினோம். பட்டத்தை மாட்ட ஆணி அடித்த சுவரில், சில வருடங்களிலேயே மாலை போட்ட உன் படத்தையும் மாட்ட வேண்டிவந்தது. ரத்தப் புற்று உனக்கு அவகாசமே தரவில்லை.

உன் அம்மா இப்போது வேலைக்குப் போவதில்லை. சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து அவர் வந்ததும் நான் உன் வீட்டுக்குப் போவேன். ஒருநாள், "அப்படி என்னதான் இருக்கு அந்தக் கதையில? படி, கேக்கலாம்" என்றார். வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தேன். போன மாதம் முடிந்தது. சமையல்காரிக்காக ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

"பாவம் அந்த மருமக" என்றார். "எனக்காவது சாயங்காலமானா கிளம்பிப் போக ஒரு வீடு இருந்துச்சு. அவ எங்க போவா?"

நான் புத்தகத்தை மூடி மடியில் வைத்தேன். அவர் உன் படத்தைப் பார்த்தார். "இவ இருந்தா இந்நேரம் எங்கூட மல்லுக்கு நின்னிருப்பா. நீ ஏன் வாய மூடிட்டு இருக்க? அவ பக்கம் நீ பேசு."

பேசினேன். "வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போனா மட்டும் சமையல்காரிக்கு ஓய்வா ஆண்ட்டி? அங்கயும் அடுப்புதானே?" என்றேன். அவர் விடவில்லை. நானும் விடவில்லை. பக்கத்து வீட்டம்மா என்ன சண்டை என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் இதுதான் நடக்கிறது. யார் சொல்வது சரி என்று இன்னும் முடிவாகவில்லை. உன் பக்கத்தை நான்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.