அல்சாஸில் எடுத்த படங்கள்

ஓகஸ்ட், இரண்டாவது ஞாயிறு, இரவு

அம்மா என்னை மட்டும்தான் படம் எடுத்தார், அதுவும் தலை முதல் கால் வரை. தங்கச்சி பக்கத்தில் வந்தபோது, "நீ கொஞ்சம் தள்ளி நில்லு" என்றார்.

பிரான்சின் அல்சாஸ் பகுதியில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் பழைய ஊர்களைக் காரில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, இரவே பிராங்பேர்ட் திரும்பலாம் என்றுதான் அப்பா சொன்னார். ஒவ்வொரு ஊரிலும் என்னை ஏதாவது ஒரு மரச்சட்ட வீட்டின் முன்னால் நிறுத்தினார்கள். எடுத்த கையோடு அம்மா படத்தை அனுப்பினார்.

"ஆருக்கம்மா அனுப்புறியள்?"

"பாரிஸ் பெரியம்மாவுக்கு. சும்மா பாக்கட்டும்."

பெரியம்மா என் பிறந்தநாளுக்குக்கூடப் பேசுவதில்லை.

மூன்றாவது ஊரைத் தாண்டியதும், அப்பாவுக்கு வழி சொல்ல அம்மாவின் போனை என்னிடம் தந்தார்கள். வரைபடத்தின் மேல் பெரியம்மாவின் செய்தி வந்தது: "பெடியன்ர ஆக்களுக்குப் பிடிச்சிருக்கு. உயரம் எவ்வளவு எண்டு கேக்கினம்."

எனக்குப் பத்தொன்பது வயது. செப்டம்பரில் பேக்கரியில் அவுஸ்பில்டுங், அதுதான் தொழிற்பயிற்சி, தொடங்குகிறது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட என்னை அவர்கள் சேர்த்ததே பெரிய காரியம். இரண்டு வாரமாக வீட்டில் கலியாணப் பேச்சை ஒருவரும் எடுக்கவில்லை. மறந்துவிட்டார்கள் என்று நினைத்திருந்தேன்.

செய்தியைத் தள்ளிவிட்டு வரைபடத்தைப் பார்த்தேன். "இடப்பக்கம் திரும்புங்கோ அப்பா" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த ஊரில் அம்மா ஒரு பழைய கதவைக் காட்டினார். "அதில நேரா நில்லு பிள்ளை. கதவு முழுக்கத் தெரியோணும்."

நான் போய் அதன் படியில் உட்கார்ந்தேன்.