தனக்கொடியின் ஆறு குடங்கள்

12 மார்ச் 1959, வியாழன்

காலையில் இயந்திரவியல் வகுப்பு எடுத்தேன். பாதிப் பையன்கள் தூங்கினார்கள், குற்றம் என்னுடையதுதான். பிறகு நூலகத்தில் அணு உலைக் கட்டுப்பாடு பற்றிய ஆங்கில அறிக்கையோடு மல்லுக்கட்டல். பிரெஞ்சிலேயே படித்தவனுக்கு நாற்பத்திரண்டு வயதில் ஆங்கிலம்! பம்பாய் அணு ஆய்வுக்கூடத்தில் ஆள் எடுக்கிறார்கள். போக எனக்குக் கொள்ளை ஆசை. உலையைக் கண்ணால் பார்த்ததில்லை, அது ஒன்றுதான் குறை.

மனைவி தனக்கொடியிடம் சொன்னேன். "முத்தியால்பேட்டைய வுட்டு நான் எங்கயும் வரமாட்டேன். நீங்க போய்ட்டு வாங்க" என்றாள்.

18 மார்ச்

உலை இல்லாவிட்டால் என்ன, தண்ணீர் இருக்கிறதே! அணு பிளந்ததும் பெரும்பாலான நியூட்ரான்கள் உடனே வந்துவிடும். கொஞ்சம் மட்டும் ஆற அமர வரும், ஆறு கூட்டமாக. அவை பிந்துவதால்தான் உலையை அடக்க நேரம் கிடைக்கிறது. இதையே தண்ணீரில் செய்து பார்க்கலாம்: அண்டாவின் நீர்மட்டம்தான் உலையின் வலு, ஆறு குடங்கள்தான் பிந்தி வரும் ஆறு கூட்டங்கள். குழாயைத் திறந்தால் அண்டாவிலும் விழும், ஆறு குடங்களிலும் விழும். குடங்களின் அடியில் துளை. அவை மெதுவாக அண்டாவுக்குள் சொட்டும். குறித்த மட்டத்தில் தண்ணீர் நிற்கும்படி ஒரு மிதவை குழாயை மூட வேண்டும்.

ஆறு குடத்துக்கு எங்கே போவது?

22 மார்ச், ஞாயிறு

தனக்கொடி காலாப்பட்டில் சின்னம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் தம்பி ராஜாங்கம், மில் ஃபிட்டர், வந்து பரணில் கிடந்த பித்தளைக் குடங்களில் துளை போட்டுக் கொடுத்தான். "மாமா, அக்காவோட சீர்க் குடமாச்சே இது. பேரு வெட்டியிருக்கு பாருங்க" என்று ஆறாவது குடத்தில்தான் சொன்னான். முதல் குடத்திலேயே சொல்லக் கூடாதா?

23 மார்ச்

தனக்கொடி திரும்பி வந்து குடங்களைப் பார்த்தாள். என்னோடு பேசவில்லை.

24 மார்ச்

இன்னும் பேசவில்லை. ரசத்தில் உப்பும் இல்லை.

5 ஏப்ரல்

தோல்வி. மட்டம் குறியைத் தொட்டதும் மிதவை சரியாகத்தான் மூடுகிறது. அதற்குப் பிறகும் அண்டா ஏறி வழிந்து சமையலறை வரை வெள்ளம். எட்டு முறை! பம்பாய்க்கு விண்ணப்பத்தோடு இதைப் பற்றிய கட்டுரை அனுப்ப மாதக் கடைசிதான் கெடு. என்னத்த அனுப்புறது? மரமண்டை, மரமண்டை.

12 ஏப்ரல்

துடைத்துத் துடைத்துச் சலித்துப்போய் இன்று தனக்கொடியே குழாயைப் பிடித்தாள். மட்டம் குறிக்கு நாலு விரற்கடை கீழே இருக்கும்போதே மூடிவிட்டாள். தண்ணீர் தானாக ஏறிக் குறியில் நின்றது. மூன்று முறை செய்யச் சொன்னேன், மூன்றும் சரி.

"குடத்துல இருக்கற தண்ணி வராம எங்க போவும்? அதையும் சேத்துப் பாக்க வேணாவா?"

மூன்று வாரத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு. மட்டத்தை மட்டும் பார்த்தால் போதாது. ஏறும் வேகத்தையும் பார்த்து முன்கூட்டியே மூடும் மிதவை வேண்டும். இத்தனை அகராதி புரட்டியும் எனக்கு இது தோன்றவில்லை.

27 ஏப்ரல்

புதிய மிதவை ஏழுக்கு ஏழு. கட்டுரை போய்விட்டது. குடங்களை அடைத்துத் தரும்படி வீட்டு உத்தரவு. ஆகட்டும் என்றேன். தேதி சொல்லவில்லை.

9 செப்டம்பர், பம்பாய்

நேர்முகம். ஏன் இவ்வளவு தாமதமாக இந்தத் துறைக்கு வருகிறீர்கள் என்றார் ஒருவர். பிந்தி வருகிறவர்களால்தான் ஐயா உலையே அடங்குகிறது என்று என் ஓட்டை ஆங்கிலத்தில் சொன்னேன். சிரித்தார்கள். இன்னொருவர், கட்டுரையின் அடியில் நன்றி சொல்லியிருக்கும் தனக்கொடி எந்த ஆய்வகத்தைச் சேர்ந்தவர் என்று கேட்டார்!

13 செப்டம்பர்

வீட்டில் அதைச் சொன்னேன். இரண்டாம் தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

2 நவம்பர்

கிடைத்துவிட்டது! சனவரியில் சேர வேண்டும். தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தாள். வருகிறாயா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவ இல்லாம அங்க போயி நான் என்னா பண்ணுவேன்?

20 டிசம்பர், ஞாயிறு

போகுமுன் சொன்ன சொல்லையாவது காப்பாற்றலாம் என்று பாத்திரம் பற்றவைப்பவரை நானே கூட்டிவந்தேன். வாசலில் நெருப்பெல்லாம் மூட்டிவிட்டார், குடங்களைக் காணோம். உள்ளே தனக்கொடி ஆறு குடங்களுக்கும் வைக்கோல் சுற்றிச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அடைச்சு எடுத்துட்டுப் போனா அங்க மறுபடியும் ஓட்ட போடுவீங்க. அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

சாக்குக்குப் பக்கத்தில் அவளுடைய டிரங்குப் பெட்டியும் இருந்தது. பூட்டியாகிவிட்டது.