மஞ்சள் கோடும் வெள்ளைக் கோடும்

மார்ச் 4, 1984

கஞ்சி ஆறுவதற்குள் மர்டோ அண்ணன் வந்துவிட்டான். மக்கோரல் குலச் சங்கத்தின் தலைவன் என்பது அவன் கதவு தட்டுவதிலேயே தெரியும். குல வரலாற்றைப் புத்தகமாக எழுதுகிறான், ஒன்பது வருடமாக. இப்போது டார்ட்டன் அத்தியாயமாம், குலத்துக்குக் குலம் மாறுகிற கட்டம் போட்ட துணியைப் பற்றி.

"இன்வர்னஸ் ஆவணக் காப்பகத்துக்கு ஒரு நடை போயிட்டு வா எஃபி. நம்ம மஞ்சக் கோடு எத்தன நூறு வருசப் பழசுன்னு ஒரு காகிதம் கெடச்சா போதும்."

"நீயே போயேன்."

"முட்டி வலிக்குது."

வாய் மட்டும் ஒருநாளும் வலித்ததில்லை.

மார்ச் 11

பெய்கி வந்தாள், கண் வீங்கி. மர்டோவின் ஒரே மகள். அவள் அம்மா போன பிறகு பாதி நாள் என் தையலறையில் வளர்ந்தவள். ரானல்டைக் கட்டிக்கொள்ளப் போகிறாளாம். நல்ல பையன்தான். ஆனால் ஏரிக்கு அக்கரை, டன்வார் குலம்.

டன்வார்கள் 1589இல் நம்மிடம் பதினோரு மாடு திருடினார்கள். அதில் ஒன்று சினை மாடு என்று மர்டோ சொல்லும்போது அவனே பால் கறந்த மாதிரி குரல் தழுதழுக்கும்.

கல்யாணத்துக்கு அவன் மறுப்புச் சொல்லவில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான். மாப்பிள்ளை டன்வார் டார்ட்டனில் வந்தால் இவன் தேவாலயத்துக்குள் காலெடுத்து வைக்கமாட்டான். ரானல்டும் லேசுப்பட்டவனல்ல. "எங்க குலத்துத் துணியக் கழட்டி வச்சுட்டு நான் எதுக்கு மாமா வரணும்?" என்று கேட்டிருக்கிறான்.

"அப்பா கையப் பிடிச்சுக்காம நான் உள்ள போகமாட்டேன் அத்தை. அப்படித்தான்னா எனக்குக் கல்யாணமே வேண்டாம்," என்றாள். சொல்லிவிட்டு என் மடியில் தலை வைத்துக்கொண்டாள். முப்பது வயதாகிறது இந்தக் கழுதைக்கு. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

இத்தனைக்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் அதே நீலம், அதே பச்சை, அதே கறுப்புக் கட்டம். எங்களுக்கு ஊடே ஒரு மஞ்சள் கோடு, அவர்களுக்கு வெள்ளை. இரண்டு கரை ஆண்களும் இடுப்பில் உடுத்தும் கொசுவப் பாவாடையான கில்ட்டைத் தைப்பவள் நான்தான். அலமாரியில் இரண்டு துணிச் சுருளுக்கும் நடுவே பழுப்புத்தாள் வைத்திருக்கிறேன், சண்டை போட்டுக்கொள்ளாமல் இருக்க.

மார்ச் 20

மழை. இன்றும் இன்வர்னஸ் போகவில்லை.

ஏப்ரல் 12

இன்வர்னஸ் போனேன். இன்னும் சிரிப்பு அடங்கவில்லை.

பழைய நெசவாலை ஒன்றின் கடிதக் கட்டு. 1822. அரசர் எடின்பரோவுக்கு வருகிறார் என்று ஊரிலுள்ள குலத்தலைவர்கள் எல்லாரும் டார்ட்டனுக்கு அலைந்த வருடம். ஆலைக் கணக்கப்பிள்ளை தன் முதலாளிக்கு எழுதுகிறான்: மக்கோரல் தலைவருக்கு வெள்ளைக் கோடு, டன்வார் தலைவருக்கு மஞ்சள் கோடு நெய்து அனுப்பினோம், வண்டிக்காரன் குடித்துவிட்டு இரண்டையும் மாற்றி இறக்கிவிட்டான், திருப்பி வாங்க ஆள் அனுப்பலாமா என்று யோசிப்பதற்குள் இரண்டு தலைவர்களிடமிருந்தும் நன்றிக் கடிதம் வந்துவிட்டது, எங்கள் முப்பாட்டன்மார் உடுத்தியது அச்சு அசல் இதேதான் என்று இருவருமே எழுதியிருக்கிறார்கள், ஆகையால் சும்மா இருந்துவிட்டேன்.

நல்ல மனுசன். நானும் சும்மா இருந்திருக்கலாம்.

இரண்டு நகல் எடுத்துக்கொண்டேன். எதற்கு இரண்டு? தெரியாத மாதிரி கேட்டுக்கொள்கிறேன் பார்.

ஏப்ரல் 15

மர்டோவிடம் ஒரு நகலைக் கொடுத்தேன். மூன்று முறை படித்தான். முகம் பச்சையாகி, நீலமாகி, கடைசியில் கட்டம் போட்டுவிடும் போலிருந்தது.

"அப்போ நாப்பது வருசமா நான் உடுத்துறது..."

"டன்வார் துணி."

"அந்தத் திருட்டுப் பயலுக உடுத்துறது?"

"நம்மது."

நகலை மடித்து வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். பெரியவனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. பிறகு மெல்ல நிமிர்ந்தான். "மாட்டோட சேத்துத் துணியையும் திருடியிருக்கானுங்க," என்றான். பாவம் போய்விட்டது.

"கல்யாணத்துக்கு வரேன்னு பெய்கிகிட்ட சொல்லிடு. மாப்ள அவன் கில்ட்டையே உடுத்தட்டும். எனக்கு வெள்ளக் கோட்டுல ஒண்ணு தச்சுக் குடு. நம்ம துணிய நான் திருப்பி எடுத்துக்குறேன். விருந்துல எழுந்து நின்னு இந்தக் கடுதாசியப் படிக்கிறேன். அக்கரைக்காரனுங்க மூஞ்சிய எங்க வச்சுக்கிறானுங்கன்னு பாப்போம். யார்கிட்டயும் மூச்சு விடாத."

விடவில்லை. இன்னொரு நகலைத் தபாலில் போட்டேன், அவ்வளவுதான். டார்க்கில் டன்வாருக்கு. ரானல்டின் அப்பா. அந்தக் கரைச் சங்கத்துக்குத் தலைவர்.

ஏப்ரல் 19

எதிர்பார்த்தபடி டார்க்கில் வந்தார். தொப்பியைக் கழற்றாமல் நின்றார்.

"எஃபி, எனக்கு மஞ்சக் கோட்டுல ஒரு கில்ட் வேணும். உங்க அண்ணனுக்குத் தெரியக்கூடாது."

"மஞ்சளா? உங்களுக்கா?"

"கேள்வி கேக்காதீங்க. கல்யாண விருந்துல ஒரு சின்ன வாசிப்பு இருக்கு."

இடுப்பளவு எடுக்கும்போது குனிந்தே இருந்தேன். முகத்தைக் காட்ட முடியவில்லை.

மே 8

ஆளுக்கு எட்டு கஜம். கொசுவம் கொசுவமாக மடித்து, கோடு சரியாக நடுவில் விழுகிறதா என்று பார்த்து, கையாலேயே தையல். பகலில் மர்டோ எட்டிப் பார்த்தால் மஞ்சளை மெத்தைக்கு அடியில் தள்ளுகிறேன். டார்க்கில் வந்தால் வெள்ளையை.

இரண்டு பேரும் தனித்தனியாக ஒரே கேள்வி: "அவன் ஒண்ணும் சந்தேகப்படலையே?"

ஜூன் 17

இன்னும் ஆறு நாள். சிரிப்பு நின்றுவிட்டது. தையலறையில் பெய்கி தன் வெள்ளைக் கவுனைப் போட்டுப் பார்த்தாள். "அப்பா வரேன்னாரே, நெசமாவே வராரா அத்தை? மனசு மாறிடுச்சா அவருக்கு?" என்று கேட்டாள்.

நான் என்ன செய்து வைத்திருக்கிறேன்? இரண்டு கிழங்களும் விருந்தில் எழுந்து கடுதாசி படித்தால்? இந்தப் பிள்ளையின் முகம் என்ன ஆகும்? வேடிக்கை பார்க்கிற ஆசையில் மூளையைக் கழற்றி வைத்துவிட்டேனா? மர்டோவிடம் போய்ச் சொன்னேன், படிக்காதே என்று. "சரித்திரம்னா சரித்திரந்தான்," என்றான்.

ஜூன் 22

கை ஓடவில்லை. பெய்கியின் கவுன் விளிம்பைப் பிரித்துத் திரும்பத் தைத்தேன்.

ஜூன் 23

முதலில் டார்க்கில்தான் உள்ளே வந்தார், மஞ்சள் கோட்டில். தேவாலயத்தில் ஒரு இருமல்கூட இல்லை. அவர் பக்கத்து ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எங்கள் பக்கத்தில் யாரோ, "பொண்ணு வீட்டுக்கு மரியாத பண்றாரு," என்று முணுமுணுத்தார்கள். அது வரிசை வரிசையாகப் பின்னால் போயிற்று.

நான் வாசலுக்கு ஓடினேன். மர்டோ காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தான். வெள்ளைக் கோடு. மார்பை நிமிர்த்தி, இடுப்புப் பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டான். உள்ளேதான் இருக்கிறது கடுதாசி.

பெய்கி அவனைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். உதடு துடித்தது.

"அப்பா... எனக்காகவா?"

மர்டோ இடுப்புப் பையிலிருந்து கையை எடுத்தான். என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன். அவள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள், கவுன் கசங்குவதைக்கூடக் கவனிக்காமல்.

"பின்ன வேற யாருக்காகம்மா," என்றான். அவள் தலையைத் தடவிக்கொடுத்தான்.

உள்ளே போனார்கள். மர்டோ டார்க்கிலின் மஞ்சளைப் பார்த்தான். டார்க்கில் மர்டோவின் வெள்ளையைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே நொடியில் புரிந்தது. இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடினேன்.

பாதிரியார் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு, "நானூறு வருசப் பகைய மறந்து ரெண்டு தகப்பன்மார் பிள்ளைகளுக்காக எதிர்க் குலத்துத் துணிய இடுப்புல கட்டிட்டு வந்திருக்காங்க," என்றார். தேவாலயமே மூக்கைச் சிந்தியது.

விருந்தில் டார்க்கில் எழுந்தார். கை இடுப்புப் பைக்குள் போனது. மர்டோவின் கையும் போனது. எதிரே பெய்கி இரண்டு பேரையும் பார்த்து அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தாள். டார்க்கில் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். "பேச ஒண்ணும் வரல," என்று உட்கார்ந்துவிட்டார். மர்டோவும் கைக்குட்டைதான் எடுத்தான்.

ஜூலை 3

மர்டோ பேசுவதில்லை என்னிடம். செவ்வாய்தோறும் டார்க்கிலோடு விஸ்கி குடிக்கிறானாம். என்னைத் திட்டுவதற்கு ஒரு துணை கிடைத்துவிட்டது இரண்டு பேருக்கும்.

செப்டம்பர் 9

வரலாற்றுப் புத்தகம் அச்சாகி வந்துவிட்டது. டார்ட்டன் அத்தியாயத்தில் கணக்கப்பிள்ளையும் இல்லை, வண்டிக்காரனும் இல்லை. ஒரு புது வரி இருக்கிறது: "திருமண நாளில் சம்பந்தி குலத்தின் டார்ட்டனை உடுத்துவது மக்கோரல்களின் தொன்றுதொட்ட வழக்கம்." டன்வார் சங்கமும் ஒரு புத்தகம் போட்டிருக்கிறதாம், குலப் பெயரை மட்டும் மாற்றி அதிலும் அதே வரி உண்டாம்.

இன்று ஏரிக் கோடியிலிருந்து ஒரு அம்மாள் வந்தாள். அக்டோபரில் மகனுக்குக் கல்யாணமாம், அவள் வீட்டுக்காரருக்குச் சம்பந்தி கில்ட் ஒன்று வேண்டுமாம்.

"இந்த வழக்கம் ரொம்பப் பழசோ?" என்று கேட்டாள்.

ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "ரொம்ப," என்றேன்.