நாலு சங்கிலி வடக்கே

கோலார் தங்கவயல், மாரிகுப்பம் லைன் வீடு
சோபகிருது வருஷம், பங்குனி 9

மாமாவுக்கு உங்கள் குணசுந்தரி வணக்கம் சொல்லி எழுதுவது. நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீங்களும் அம்மாவும் சுகம்தானே? சினை மாட்டை ஏரிக்கரைப் பக்கம் விடாதீர்கள். உறைமேல் உங்கள் பெயரைத் தம்பி தசரதன்தான் எழுதினான். கட்டின புருஷன் பெயரை எழுதினால் கை வெந்துவிடுமா என்று கேலி வேறு. வெந்தால் உன் மாமனுக்கு யார் சோறாக்குவது என்று கேட்டு வாயை அடைத்தேன்.

ஆம்பூரில் ஏறியதுமே வண்டி முழுக்க மஞ்சள் புடவைதான். எல்லாரும் திரௌபதியம்மன் தீமிதிக்கு வருகிறவர்கள். எனக்கு எதிரில் இருந்தவள் என்ன வேண்டுதல் என்று கேட்டாள். தம்பிக்காக என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே! திருவிழாவைச் சாக்கு வைத்துப் போய் அவனைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடு என்று அம்மா என் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கியது உங்களுக்கும் எனக்கும்தானே தெரியும். அண்ணன் சின்னசாமியை இந்தச் சுரங்கம் தின்று ஒன்றரை வருஷம் ஆகிறது. இன்னொரு பிள்ளையையும் கொடுக்க அம்மாவால் முடியாது.

பௌரிங்பேட்டையில் வண்டி மாறி இங்கே இறங்கினால், அடேயப்பா, எதை முதலில் பார்ப்பது! உயரமான மரச்சட்டத்தின்மேல் பெரிய சக்கரம் சுற்றுகிறது. அது சுற்றினால் கீழே கேஜ் என்ற கூண்டில் ஆட்கள் இறங்குகிறார்களாம். கல்லை இடிக்கிற மில் சத்தம் ஓய்வதே இல்லை. பேசுகிறவர்கள் எல்லாரும் கத்தித்தான் பேசுகிறார்கள். எண்ணெய் இல்லாத விளக்கு எரிகிறது. காவேரித் தண்ணீர் விழுகிற இடத்திலிருந்து கம்பி வழியாக வருகிறதாம். இதை நம் தெருவில் சொன்னால் எனக்கு வேப்பிலை அடிப்பார்கள். வெள்ளை மணல் குன்று குன்றாகக் கொட்டிக் கிடக்கிறது, அதில் ஒரு புல் கிடையாது. ஏன் என்று மூன்று பேரைக் கேட்டேன். மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னார்கள்.

கோயில் தகரக் கூரைதான். நம் வடஆற்காட்டு ஆட்கள் வந்து கட்டியது. பாரதம் படிக்கிறவர் ஒவ்வொரு நாள் கதையையும் இரண்டு தடவை படிக்கிறார். காலை ஷிப்டு போனவர்களுக்கு ஒருமுறை, மத்தியான ஷிப்டு போகிறவர்களுக்கு ஒருமுறை. பாவம், திரௌபதி ஒரே நாளில் இரண்டு தடவை சபைக்கு இழுக்கப்படுகிறாள்.

தம்பி நன்றாக இருக்கிறான். கொஞ்சம் கறுத்திருக்கிறான். ஊருக்கு வாடா என்றேன். சிரித்துவிட்டு வேறு பேச்சுப் பேசினான். ஆகையால் ஒரு யுக்தி செய்திருக்கிறேன். நாளை செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டுகிறார்கள். இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை தீமிதி. காப்புக் கட்டினவர்கள் அதுவரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது, நம் ஊர்போலவேதான். அவனைக் காப்புக் கட்டவைத்துவிடுவேன். எண்ணூறு அடி பூமிக்குள் போவது எல்லை தாண்டுவதுதானே? பத்து நாள் அவன் இறங்காவிட்டால் மேஸ்திரி வேறு ஆளைப் போட்டுவிடுவான். அப்புறம் இவனுக்கு இங்கே என்ன வேலை? என் மூளையைப் பார்த்தீர்களா! அம்மாவிடம் மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு, உங்கள் கால் தொட்டு,
குணசுந்தரி


பங்குனி 12

மாமாவுக்கு குணசுந்தரி எழுதுவது. சேமம். அங்கும் சேமமாக இருக்க அம்மன் துணை இருப்பாள்.

என் யுக்தி மண்ணாகப் போயிற்று. சிரிக்காமல் படியுங்கள்.

காப்புக் கட்டிக்கொள்ளடா என்று நான் சொல்லி முடிப்பதற்குள் தசரதன் பூசாரியிடம் கையை நீட்டிவிட்டான். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பூசாரி மஞ்சள் நூலில் மஞ்சள் துண்டு முடிந்து அவனுக்கு வலக்கையில் கட்டினார். நானும் இடக்கையில் கட்டிக்கொண்டேன். மறுநாள் காலை சங்கு ஊதியது. இவன் காப்புக் கையாலேயே சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்! அடே பாவி, எல்லை தாண்டாதே என்று கத்திக்கொண்டு தெருவில் ஓடினேன். குழாயடியில் நின்ற பெண்கள் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

பக்கத்து வீட்டுப் பார்வதம்மாதான் என்னை உட்காரவைத்துச் சொன்னாள். "இன்னாம்மா நீ, கெணத்துல எறங்கனவன் ஊர வுட்டா பூட்டான்? அம்மனுக்கு மேலயும் ஊருதான், கீழயும் ஊருதான்" என்றாள். காப்புக் கட்டின நாற்பது பேரும் வருஷா வருஷம் இப்படித்தான் இறங்குகிறார்களாம். ஷிப்டு முடிந்து மேலே வரும்போது வாசலில் காவல்காரன் ஒவ்வொருவரையும் தடவிப் பார்ப்பான். தங்கம் ஏதாவது ஒளித்திருக்கிறதா என்று காப்பில் கட்டிய மஞ்சளைக்கூட நசுக்கிப் பார்க்கிறானாம். அந்தக் காவல்காரனும் காப்புக் கட்டினவன்தான். அவன் மஞ்சளை யார் நசுக்குவார்கள் என்று கேட்டேன். பார்வதம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

பூசாரியைக் கேட்டேன். அவரும் கிணற்றுக் கதையையே சொன்னார். சரி, தோற்றுப்போனேன் என்று திரும்பி வந்தேன். ஆனால் மாமா, என் புத்திதான் உங்களுக்குத் தெரியுமே, ஒன்று உள்ளே புகுந்தால் பல் இடுக்கில் பாக்கு மாட்டினது போல இருக்கும். கிணறு நேராகக் கீழே போகிறது. சுரங்கம் அப்படி இல்லையே! கீழே போன பிறகு பக்கவாட்டில் மட்டம் மட்டமாக வழி வெட்டிக்கொண்டு போகிறார்களே! அது எல்லைக் கல்லைத் தாண்டிப் போனால்?

திரும்பவும் போய்ப் பூசாரியைக் கேட்டேன். உள்ளே இறங்குகிறவர்களைக் கேள் என்றார். அவர்களைக் கேட்டால், மெழுகுவத்தி வெளிச்சத்தில் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு போகிறோம், மேலே என்ன இருக்கிறது என்று எங்களுக்கு எப்படித் தெரியும் என்கிறார்கள். இத்தனை வருஷமாக ஒருத்தருக்கும் இது தோன்றவில்லை பாருங்கள். நானே சக்கரத்தடியிலிருந்து வடக்கே எல்லைக் கல்வரைக்கும் அடி எண்ணிக்கொண்டு நடந்தேன். மேலே எண்ணியாயிற்று. கீழே யார் எண்ணுவது?

கடைசியில் பர்னபாஸ் என்று ஒருவரைப் பார்வதம்மா காட்டினாள். சர்வே துரைக்கு இரும்புச் சங்கிலி பிடித்து அளக்கிறவர். வேதக்காரர். தம்பி இறங்குகிற மட்டம் வடக்கே பதினெட்டு சங்கிலி போகிறது என்று மனப்பாடமாகச் சொன்னார். சனிக்கிழமை வேலை முடிந்ததும் மேலேயும் அளந்து காட்டுகிறேன், உங்க அம்மனுக்கு அளந்தா எங்க கர்த்தர் கோவிச்சுக்க மாட்டாரு என்றார். தீமிதி அன்றைக்குத்தான் அவர்களுக்கும் பெரிய வெள்ளியாம்.

எல்லையைத் தாண்டியிருந்தால் தசரதன் இறங்க முடியாது. அவனை நான் கூட்டி வந்துவிடுவேன். அம்மாவிடம் நல்ல சேதி வருகிறது என்று சொல்லிவையுங்கள்.

குணசுந்தரி


பங்குனி 15

மாமாவுக்கு, குணசுந்தரி. இதைத் தனியாக உட்கார்ந்து படியுங்கள். கேழ்வரகு காயவைத்திருந்தால் அள்ளி உள்ளே வைத்துவிட்டு வந்து படியுங்கள். நடுவில் எழுந்து போகும்படி இருக்கக்கூடாது.

நேற்று சக்கரத்தடியில் பர்னபாஸ் சங்கிலியின் ஒரு நுனியைப் பிடித்தார். மறு நுனியை நான் பிடித்தேன். பூசாரி, மேஸ்திரி, பார்வதம்மா, பூதிகோட்டையிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு திருவிழாவுக்கு வந்தவர்கள் என்று ஒரு கும்பலே பின்னால் வந்தது. அவர்களுக்குப் பாதி தெலுங்கு, பாதி கன்னடம். என்ன நடக்கிறது என்று புரியாவிட்டாலும் நம்மைவிட ஆர்வம். எல்லைக் கல் பதினாலாவது சங்கிலியிலேயே வந்துவிட்டது. இன்னும் நாலு சங்கிலி வடக்கே போனால்தான் மட்டத்தின் கடைசி.

பூசாரி முகத்தில் ஈயாடவில்லை. இத்தனை வருஷமாகக் காப்போடு எல்லை தாண்டியிருக்கிறார்கள் என்று அர்த்தமாகிவிட்டதே. மேஸ்திரி என்மேல் பாய்ந்தான். "யாருமா நீ? திருவிழா பாக்க வந்தவ திருவிழாவ பாத்துட்டு போ. நாப்பது பேரு எறங்கலைன்னா நாளைக்கே நாப்பது புது ஆளு நிப்பான், உங்கம்மனா சோறு போடுவா?" என்று கத்தினான். நாற்பது பேரின் பெண்டாட்டிகளும் என்னையே பார்த்தார்கள். நான் ஜெயித்துவிட்டேன் மாமா. ஜெயித்த மாதிரியே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் தசரதன் என்னை அடிக்காத குறைதான். இப்படி அவன் பேசி நான் கேட்டதே இல்லை. எதற்கடா இந்தக் குழிமேல் இவ்வளவு ஆசை, அண்ணனைத் தின்றது போதாதா என்று நானும் கத்திவிட்டேன். அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "அக்கா, அண்ணன வெளிய எடுக்கவே இல்லக்கா" என்றான்.

இங்கேயே தகனம் செய்தோம், சாம்பலைப் பாலாற்றில் கரைத்தோம் என்று அன்றைக்கு இவன் எழுதிய கடிதத்தை நீங்கள்தானே அம்மாவுக்குப் படித்துக் காட்டினீர்கள்? எல்லாம் பொய். பாறை சரிந்து மட்டத்தின் கடைசி முனை முழுக்க அடைத்துக்கொண்டதாம். எட்டு நாள் தோண்டிப் பார்த்தார்களாம். தோண்டத் தோண்டச் சரிந்ததாம். அப்புறம் முட்டு மரம் கொடுத்துத் தோண்டுவதை நிறுத்திவிட்டார்கள். அந்தக் கடைசி நாலு சங்கிலியில்தான் அண்ணன் இருக்கிறான். அந்த மட்டத்திலேயே வேலை கொடுங்கள் என்று தசரதன் மேஸ்திரி காலைப் பிடித்து வாங்கினானாம். தினமும் சாப்பாட்டு நேரத்தில் அந்த மரத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து தூக்கைத் திறக்கிறானாம். ஒரு பிடியை அங்கே வைத்துவிட்டுத்தான் சாப்பிடுகிறானாம். தனியா வுட்டுட்டு எப்படிக்கா வர்றது என்று கேட்டான். இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து அழுதோம்.

அழுது முடித்ததும் நேராகப் பூசாரியிடம் போனேன். மேஸ்திரியும் பெரியவர்களும் காப்பை அறுப்பதா, வேலையை விடுவதா என்று தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒன்றே ஒன்று கேட்டேன். அந்த எல்லைக் கல்லை அங்கே நடச் சொன்னது யார் என்று கேட்டேன். முதன்முதலில் வந்த நம் ஆட்கள்தான் நட்டார்கள், அப்போது ஊரே அவ்வளவுதான் இருந்தது என்றார் ஒரு பெரியவர். இப்போது கீழே மட்டம் நீண்டிருக்கிறது, அம்மன் மட்டும் நீளமாட்டாளா, கல்லைத் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றேன். நான் போட்ட முடிச்சை நானே அவிழ்க்கிறேன் என்று தெரிந்துதான் சொன்னேன். அண்ணன் எல்லைக்கு வெளியே கிடக்க என்னால் பொறுக்க முடியவில்லை. பூசாரி அம்மன் முன்னால் பூக்கட்டிப் பார்த்தார். வெள்ளைப் பூ வந்தது, அம்மன் உத்தரவு கிடைத்துவிட்டது.

பதினெட்டாவது சங்கிலி எங்கே போய் விழுந்தது தெரியுமா? லூயிசா என்ற அம்மாளின் ஆட்டுப் பட்டியில்! கல்ல நட்டுக்குங்க, ஆட்ட மட்டும் கேக்காதீங்க என்று அவள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். பூசணிக்காயும் எலுமிச்சம்பழமும் போதும் என்று பூசாரி சொன்ன பிறகுதான் வழிவிட்டாள். இன்று விடியற்காலையில் உடுக்கை அடித்து, மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கல்லை நட்டார்கள். நாற்பது பேரும் கும்பிட்டுவிட்டு ஷிப்டுக்குப் போனார்கள். மேஸ்திரி என்னைப் பார்த்து இப்ப திருப்தியா என்றான். அவனும்தான் விழுந்து கும்பிட்டான்.

எல்லாரும் போன பிறகு நான் மட்டும் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எண்ணூறு அடி கீழே என்றால் எவ்வளவு தூரம் மாமா? நம் கிணறு முப்பது அடி. அதில் கூப்பிட்டாலே குரல் திரும்பி வருகிறது. அண்ணா என்று மெதுவாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். ஆட்டுக்குட்டிகள் என்னையே பார்த்தன. லூயிசா ஒரு லோட்டா மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

தசரதன் வரமாட்டான். நானும் இனிக் கூப்பிடமாட்டேன். அம்மா கேட்ட சத்தியத்தை என்னால் காப்பாற்ற முடியவில்லை. அதற்கு அவள் என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும். ஆனால் ஒன்று என் நெஞ்சை அறுக்கிறது. அமாவாசை தவறாமல் அவள் பாலாற்று மணலில் போய் நின்று, மேற்கே பார்த்துக் கும்பிட்டுவிட்டு வருகிறாளே மாமா. ஒன்றரை வருஷமாக வெறும் மணலைக் கும்பிடவைத்திருக்கிறோம்.

நான் காப்புக் கட்டினவள், இருபதாம் தேதிவரை நகரமுடியாது. ஆகையால் நீங்கள்தான் செய்ய வேண்டும். கடிதம் கண்டதும் மாட்டைப் பக்கத்து வீட்டில் கட்டிவிட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு புறப்படுங்கள். கூட்டத்துக்கு முன்னால் பத்தொன்பதாம் தேதியே வந்துவிடுங்கள். நடக்க முடியாது என்பாள். ஸ்டேஷனிலிருந்து வண்டி பேசிக்கொள்ளலாம். பாறையைப் பற்றி வழியில் ஒரு வார்த்தையும் சொல்லாதீர்கள். அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் அவளை உட்காரவைத்து, தசரதனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நானே சொல்லிக்கொள்கிறேன்.

இந்த வயதில் என்னை எங்கே இழுத்துக்கொண்டு போகிறாய் என்று ரயிலில் கேட்டுக்கொண்டே வருவாள். உன் இரண்டு பிள்ளைகளும் இருக்கிற இடத்துக்கு என்று சொல்லுங்கள்.

உங்கள் வரவைப் பார்த்துக்கொண்டு,
குணசுந்தரி