நீலக் குடத்து டிகாஷன்

செப். 2, செவ்வாய்

விடிந்ததுமே புழுக்கம். ஒரு பொட்டுக் காற்று இல்லை. குழாயில் இன்றும் நல்ல தண்ணீர் வரவில்லை. பச்சைக் குடத்தில் பாதி மிச்சம். அது குடிக்க, உலை வைக்க, காப்பிக்கு மட்டும். நீலக் குடம் எல்லாம் போர் தண்ணீர். வாயில் வைக்க முடியாத உப்பு, பாத்திரம் கழுவத்தான் ஆகும்.

வாங்க: காப்பித்தூள் அரைக் கிலோ (சிக்கரி குறைத்து), சீனி, தைலம், இவருக்கு இரண்டு கைலி.

காற்றுக் காலம் முடிந்து தோணிகள் மறுபடி கிளம்புகின்றன. மாலத்தீவுக்கு வெங்காயம் ஏறுகிறதாம். இவருக்குத் தோணியில் சமையல் வேலை. தோணியை நடத்தும் தண்டல் சூசை அண்ணன் ஞாயிறு பூசை முடிந்து வருவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறார். பயணத்துக்கு ஆள் கூப்பிட வந்தால் அந்த வீட்டுக் காப்பியைக் குடிப்பார். தம்ளர் காலியானால் பேச்சு முடிந்தது, ஆள் உறுதி. பேப்பரும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது.

செப். 3, புதன்

மடத்தனம். தூக்கக் கலக்கத்தில் நீலக் குடத்தில் மொண்டு டிகாஷன் போட்டுவிட்டேன். வழக்கம்போல முதல் தம்ளர் இவருக்கு. மிச்சம் வைக்காமல் குடித்தார்.

"ஏளா, இன்னைக்கு காப்பி அம்சமா இருக்கு."

என் தம்ளரை எடுத்து ஒரு வாய். அப்படியே தொட்டியில் துப்பினேன். உப்புக் கரிப்பு, கசப்பு, இன்னதென்று சொல்ல முடியாத வழவழப்பு.

சிக்கரி ஒரு சிட்டிகை கூடினால் வாசலிலேயே மூக்கைச் சுளித்து, கடை அண்ணாச்சியிடம் சண்டைக்குப் போகிற மனிதர். என் மனம் நோகக் கூடாது என்று சொல்லாமல் குடித்தாரோ? கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு நல்ல குணத்தை நான் இவரிடம் பார்த்ததில்லை.

கைலி வாங்கியாயிற்று. தைலம் மறந்துவிட்டது.

செப். 4, வியாழன்

வேண்டுமென்றே சீனி போடாமல் கொடுத்தேன். "சரியா இருக்கு" என்றார். மத்தியானம் சாளை மீன் குழம்பில் புளி தூக்கல். அதுவும் சரியாக இருந்ததாம்.

யோசித்தால், காற்றுக் காலத்தில் இவர் காய்ச்சலில் விழுந்து எழுந்த பிறகு சாப்பாட்டில் ஒரு குறையும் சொல்லவில்லை. ஆள் திருந்திவிட்டார் என்று நானும் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

செப். 5, வெள்ளி

எழுத்து கோணல்.

தைலம் வாங்கிக்கொண்டு திரும்பினேன். வாசற்படியிலேயே கேஸ் நாற்றம், மூக்கை அடைக்கிற அளவுக்கு. உள்ளே ஓடினால் இவர் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாக இறால் உரித்துக்கொண்டிருக்கிறார். பால் பொங்கி அடுப்பு அணைந்து கிடக்கிறது. கேஸ் வந்துகொண்டே இருக்கிறது. என்னைப் பார்த்ததும் எழுந்து, "அடடா, அணைஞ்சிட்டா?" என்று லைட்டரை எடுத்தார்.

"தொடாதீங்க!"

தெருவுக்கே கேட்டிருக்கும். லைட்டரைப் பிடுங்கினேன். குமிழை மூடி, சன்னலைத் திறந்து, இவரை வெளியே தள்ளிக்கொண்டு வந்தேன். முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம்தான் வாயைத் திறந்தார்.

"காய்ச்சல் விட்டதுல இருந்து மணமும் இல்ல, ருசியும் இல்ல. தானா வந்துரும்னாரு டாக்டரு. இன்னும் வரல."

"சூசை அண்ணன்ட்ட சொல்லிருங்க."

"சொன்னா? நாக்கு செத்தவன எவன் சமையலுக்குக் கூப்பிடுவான்? உப்பு, புளி எல்லாம் எனக்குக் கையளவு. நாக்கு வேண்டாம்."

"தோணியிலயும் சமைக்க சிலிண்டர்தான? குசினிக்குப் பக்கத்துலதான அத்தன பேரும் படுக்காங்க?"

இறால் ஓட்டைக் கையில் வைத்து நசுக்கிக்கொண்டே இருந்தார்.

"நீ யார்ட்டயும் சொல்லக் கூடாது. மாதா மேல சத்தியம் பண்ணு."

அழுதுகொண்டு கேட்டார். இவர் அழுது நான் பார்த்ததில்லை. "என் வாயால சொல்ல மாட்டேன்" என்று கையில் அடித்துக் கொடுத்தேன்.

இறாலைச் சமைக்கவில்லை. பிரிட்ஜில்.

செப். 6, சனி

நல்ல தண்ணீர் வந்தது. பச்சைக் குடம், டிரம், அண்டா, சொம்பு வரை எல்லாம் பிடித்தாயிற்று. இடுப்பு வலி. தைலம் எனக்கே.

இவர் பையைக் கட்டி வைத்துவிட்டார். எனக்குக் கோபம். என்ன தைரியம் இருந்தால் அத்தனை பேர் உயிரையும் வைத்துக்கொண்டு போகப் பார்க்கிறார்.

சாயங்காலம் குசினிப் பக்கம் போனேன். புதுக் காப்பித்தூள் பொட்டலத்தைப் பிரித்து, முகத்தை அதற்குள் புதைத்து நின்றுகொண்டிருந்தார். மூச்சை இழுக்கிறார், விடுகிறார், மறுபடி இழுக்கிறார். கடைசியில் பொட்டலத்தை நன்றாக மடித்து டப்பாவில் வைத்தார். மூக்கு நுனியில் தூள். நான் திரும்பி வந்துவிட்டேன். கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. பயம் மட்டும் போகவில்லை.

செப். 7, ஞாயிறு

பூசையில் ஒன்றும் காதில் ஏறவில்லை.

வீடு முழுக்க நல்ல தண்ணீர். ஆனாலும் நீலக் குடத்தில்தான் மொண்டேன். இன்று தூக்கக் கலக்கம் இல்லை. தெரிந்தேதான். தூள் தாராளமாகப் போட்டு, கள்ளிச்சொட்டாய்க் கெட்டிப் பால் ஊற்றி, பார்வைக்கு நல்ல காப்பி. இரண்டு தம்ளர்.

சூசை அண்ணன் ஒரு வாய் குடித்தார். முகம் மாறியது. விழுங்காமல் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். தலையைக் குனியவில்லை. பிறகு இவரைப் பார்த்தார். இவர் அதற்குள் முக்கால் தம்ளர் முடித்துவிட்டு,

"எங்க வீட்டுக் காப்பி எப்படிண்ணே?" என்று சிரிக்கிறார்.

அண்ணன் மெதுவாக விழுங்கினார்.

"ஏலே அந்தோணி, ஒனக்கு இது ருசியாவாலே இருக்கு?"

"ஏண்ணே?"

அண்ணன் தம்ளரைக் கீழே வைத்தார். இவர் தோளில் கை போட்டு, "ஒடம்பப் பாத்துக்கோ. இந்தப் பயணத்துக்கு வேற ஆளப் பாக்கேன்" என்று எழுந்து போய்விட்டார்.

தரையில் நிறைந்த தம்ளர். ஆடை படிகிறவரை இவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்தக் குடம்?"

"நீலம்."

செருப்பை மாட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போனார். நான் சத்தியத்தை மீறவில்லை. அதைச் சொல்லி மனதைத் தேற்றப் பார்க்கிறேன், தேறவில்லை.

செப். 8, திங்கள்

மாதா பிறந்த நாள். பேச்சில்லை. பையை அவரே பிரித்தார். புதுக் கைலி இரண்டும் மடிப்புக் கலையாமல் கொடியில். நான் செய்தது சரி. சரியென்று தெரிந்தும் சோறு இறங்கவில்லை. மூன்று மணிக்குக் கரண்ட் போய் ஆறுக்கு வந்தது. பழைய இறாலைப் பூனைக்குப் போட்டேன்.

செப். 9, செவ்வாய்

லேசான தூறல், நின்றுவிட்டது. நான் எழும்புவதற்குள் குசினியில் பாத்திரச் சத்தம். ஓடிப் போனால், சன்னல் இரண்டும் திறந்து கிடக்க, பச்சைக் குடத்தில் தண்ணீர் மொண்டு டிகாஷன் இறக்கிவிட்டார். ஒரு தம்ளர் கலந்து நீட்டினார். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல் பேச்சு:

"குடிச்சுச் சொல்லு. பொய் சொல்லாத."

குடித்தேன். டிகாஷன் தேவலோகம். பால் அடிப்பிடித்த வாடை. நல்லா இருக்கு என்று நாக்கு நுனிவரை வந்தது.

"பால் தீஞ்சிருக்கு" என்றேன்.

தம்ளரை வாங்கித் தொட்டியில் கொட்டினார். வேறு பால் பொட்டலம் வெட்டுகிறார். கூப்பிடுகிறார்.

"ஏளா, எழுதுனது போதும். இங்கன பக்கத்துல வந்து நில்லு. பால் தீயுறதுக்கு முன்னாலயே சொல்லு."

போகிறேன்.