அப்பாவின் கட்டைவிரல்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நான் நலமாகத்தான் இருக்கிறேன், முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது, மற்றபடி சாப்பாடு தூக்கம் எல்லாம் ஒழுங்கு. நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன், ஏதாவது குறை இருந்தால் மறைக்காமல் சொல். தினம் போனில் பேசுகிறவள் திடீரென்று எதற்குப் பேனாவைத் தூக்கினாள் என்று நீ நினைப்பாய். போன ஞாயிற்றுக்கிழமை உன் டாக்டர் கேட்கச் சொன்னதாக ஒன்று கேட்டாய், அப்பாவுக்கு வந்த தோல் புற்றுநோய் முதன்முதலில் எப்போது கண்ணில் பட்டது என்று. நான் அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அன்றைக்கு வீட்டில் பாலே கிடையாது. அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தக் கடிதம். போனில் என்றால் நான் நடுவிலேயே நழுவிவிடுவேன், என்னைப் பற்றி உனக்குத் தெரியாதா.

முதலில் இங்கத்திய சமாசாரம். சலவைக் கடையில் முதலாளி புது இயந்திரம் வாங்கிப் போட்டிருக்கிறார், அது வந்த நாளிலிருந்து தானே கண்டுபிடித்த மாதிரி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைப் பற்றியே பேச்சு. ஆனால் ஒரு சட்டையில் இருப்பது காப்பியா துருவா மையா என்று சொல்ல இன்னும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள், இருபத்திரண்டு வருஷம் கறை பார்த்த கண் ஆயிற்றே. எதிர் வீட்டு நர்ஸ் வேலை மாற்றலாகிப் போய்விட்டாள், இப்போது அந்த ஜன்னலில் திரைகூட இல்லை, பார்க்கவே வெறிச்சென்று இருக்கிறது. உன் அறையில் உன் துணி, புத்தகம் எதையும் நான் கலைக்கவில்லை, அப்பாவின் கீபோர்டை மட்டும் சுவர் ஓரமாக நிறுத்தி வைத்திருந்தேன். அதைப் போன வாரம் அவர் பேண்டுக்காரர்கள் வந்து எடுத்துப் போனார்கள், சனிக்கிழமை அப்பாவை நினைத்து ஒரு கச்சேரி வைத்தார்கள். உன்னிடம் இதைப் பற்றிச் சொன்னேனே, எப்படி நடந்தது என்று நீ கேட்டபோது நல்லபடியாக நடந்தது என்று மட்டும் சொன்னேன்.

நல்லபடியாகத்தான் நடந்தது. டயர்க் கடைக்கு மேலே அவர்கள் பயிற்சி எடுக்கிற அந்த அறை உனக்கு ஞாபகம் இருக்கும், சுவரெல்லாம் பழைய மெத்தையைக் கிழித்து ஒட்டிவைத்து, ரப்பர் வாசனை தூக்கும். அங்கேதான் எல்லோரும் முதலில் கூடினோம். பாடுகிறவர் இன்னும் பகலில் டிரைவிங் பள்ளியில் வண்டி கற்றுக்கொடுக்கிறார், பிரேக் பிரேக் என்று கத்திக் கத்தித்தான் தன் தொண்டை இப்படி ராக் பாட்டுக்கு வாகாக ஆனது என்று அதே பழைய ஜோக்கைச் சொன்னார், எல்லோரும் முதல் தடவை கேட்கிற மாதிரி சிரித்தோம். கிட்டார்காரருக்குத் தலை சுத்தமாக வழுக்கை, ஆனாலும் பழக்கதோஷத்தில் முடியை ஒதுக்குகிற மாதிரி தலையை ஆட்டுகிறார். உன் டிரம்ஸ் சித்தப்பா அப்பாவின் கீபோர்டைத் துடைத்து, மேடையில் அப்பா நிற்கிற இடது ஓரத்திலேயே ஸ்டாண்டில் வைத்தார், வேறு யாரையும் வாசிக்க விடவில்லை. அப்பா தனியாக ஆரம்பிப்பாரே அந்தப் பாட்டு வந்தபோது அந்த ஆரம்பத்தை அப்படியே காலியாக விட்டார்கள், சித்தப்பா காலால் மட்டும் தாளம் எண்ணிக்கொண்டிருந்தார். பின்வரிசையில் ஒருவர் கரண்ட் போய்விட்டதா என்று கேட்டார். எனக்கு மட்டும் அந்த இடத்தில் அப்பா வாசிப்பது ஒன்று விடாமல் கேட்டது, நம்பினால் நம்பு. அவர் உயிரோடு இருந்தபோது பாதிக் கச்சேரி நான் வாசலில் நின்று யாரோடாவது கதை பேசிக்கொண்டிருப்பேன், உள்ளே போய் ஒழுங்காகக் கேட்டிருக்கலாம் என்று இப்போது மனசு அடித்துக்கொள்கிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது மேடைக்குப் போவதற்கு முன்னால் நடந்தது. பாடுகிறவர் பையிலிருந்து ஒரு கறுப்பு நெயில் பாலிஷ் பாட்டிலை எடுத்து என் கையில் கொடுத்தார். "அண்ணி, இன்னைக்கு நாங்க எல்லாரும் வலது கட்டைவிரலுக்குக் கறுப்பு வச்சுக்கலாம்னு இருக்கோம், அவருக்கு வச்சுவிட்ட கையாலயே எங்களுக்கும் வச்சுவிடுங்க" என்றார். அப்பாவின் பத்து நகமும் எப்போதும் கறுப்பாக இருக்கும், பேண்டு தொடங்கிய நாளிலிருந்து அவர் விடாத ஒரே வேஷம் அது, மற்றவர்கள் சங்கிலி, நீள முடி எல்லாவற்றையும் வயசோடு கழற்றி வைத்தபோதும் அவர் நகத்தை விடவில்லை. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலையில் இருந்துகொண்டு இப்படியா என்று கேட்டவர்களிடம், கண்ணாடி போடுகிறவர்களுக்குத் தன் கை எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டாமா என்பார். சனிக்கிழமை சனிக்கிழமை நான்தான் பழையதை அழித்துப் புதிதாக வைத்துவிடுவேன், அந்தக் கால் மணி நேரம் அவர் எங்கேயும் எழுந்து போக முடியாது, வாரம் பூராவும் சொல்லவேண்டிய பாட்டையெல்லாம் அப்போதுதான் பாடித் தீர்ப்பேன். நீகூடக் கிண்டல் செய்வாய், கல்யாணமாகி இத்தனை வருஷமா கையைப் பிடிச்சுக்கிட்டே இருக்கீங்க என்று. சரி, பேண்டுக்காரர்கள் நீட்டிய விரலுக்கு வருகிறேன். பாடுகிறவருக்கு வைத்தேன், கிட்டார்காரருக்கு வைத்தேன். சித்தப்பா விரலை நீட்டியபோது என்னால் முடியவில்லை, தூரிகை நழுவி பாலிஷ் அவர் விரல் முழுக்க வழிந்தது. அழுகிறேன் என்று நினைத்து "விடுங்க அண்ணி" என்று பாட்டிலை வாங்கிக்கொண்டார். அது அழுகை இல்லை, பயம்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். அப்பாவைப் பார்த்த டாக்டரிடம் ஆறு மாதம் என்று சொன்னோம், நீயும் அதைத்தான் கேள்விப்பட்டிருக்கிறாய். அது பொய். நீ விமானம் ஏறிப் போன அதே மாதம், நீ இல்லாத இரண்டாவது சனிக்கிழமை, பழைய பாலிஷை அழித்தபோது அப்பாவின் வலது கட்டைவிரல் நகத்தில் அடியிலிருந்து நுனி வரை பென்சிலால் கோடு போட்ட மாதிரி ஒன்று இருந்தது. பாலிஷின் சாயம் நகத்தில் இறங்கிவிட்டது என்றேன். அவர் சந்தேகமாகப் பார்த்தார், கறையைப் பற்றி என்னிடமே கேட்கிறீர்களா என்று வாயை அடைத்தேன். அடுத்த வாரம் ரிமூவரைப் பஞ்சில் நனைத்து அழுத்தி அழுத்தித் தேய்த்தேன், போகவில்லை. எலுமிச்சம்பழம் தேய்த்தேன், கடையிலிருந்து கறை எடுக்கிற திரவம் ஒரு சொட்டு கொண்டுவந்து தடவினேன். மட்டமான பாலிஷ் என்று பிராண்டை மாற்றினேன். பாலிஷ் கறை என்றால் நகம் வளர வளர மேலே ஏறிப் போயிருக்க வேண்டாமா, இத்தனை கறை பார்த்தவளுக்கு அது தெரியாமலா இருக்கும். கோடு அகலமாகிக்கொண்டே வந்தது. அப்படி மூன்று நான்கு மாதம் போன பிறகு ஒரு சனிக்கிழமை அவர் கையை நீட்டியபோது கட்டைவிரலில் மட்டும் பாலிஷ் ஏற்கெனவே புதிதாக இருந்தது. நானே வச்சுப் பழகிப் பார்த்தேன் என்றார். அன்றிலிருந்து அந்த ஒரு விரலை அவரே வைத்துக்கொள்வார், மற்ற ஒன்பதுக்கும் என்னிடம் வருவார். நான் ஏன் என்று கேட்கவில்லை. உள்ளதைச் சொல்கிறேன் கண்ணே, அதைப் பார்க்காமல் இருக்க முடிந்ததில் எனக்கு நிம்மதியாக இருந்தது.

அப்படியே ஒன்றே முக்கால் வருஷம் ஓடியது. ஒரு பயிற்சியின்போது நகம் பிளந்து ரத்தம் வந்து கீபோர்டின் வெள்ளைக் கட்டைகளிலெல்லாம் தீற்றிக்கொண்டது, சித்தப்பாதான் வலுக்கட்டாயமாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். நகத்துக்கு அடியில் இருப்பதும் தோல்தான், அங்கேயும் வரும் என்று டாக்டர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். எத்தனை நாளாக இருக்கிறது என்று அவர் கேட்டார். அப்பா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு ஆறு மாதம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன், இத்தனை நாள் என்ன செய்தாய் என்று என்னைக் கேட்டுவிடுவாரோ என்ற பயம், வேறென்ன. அப்பா திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு டாக்டரிடம், "ஆமா சார், ஒரு ஆறு மாசம் இருக்கும்" என்றார். முன்பே வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தபோது, கட்டைவிரலை எடுத்துவிட்டால் தான் கீபோர்டு வாசிக்க முடியுமா என்று கேட்டு அப்பா பேச்சை மாற்றிவிட்டார். வெளியே வந்ததும் டீ குடிக்கலாமா என்று கேட்டார். அவ்வளவுதான், அதற்குப் பிறகு அவர் இருந்த பதினொரு மாதத்தில் நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. விரலை எடுத்த பிறகும் மூன்று கச்சேரி வாசித்தார், பத்துல ஒண்ணு நீண்ட லீவுல இருக்கு என்று பேண்டுக்காரர்களைச் சிரிக்க வைத்துக்கொண்டு, எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்று எல்லாப் பாட்டையும் புதிதாக மாற்றி எழுதி வைத்துக்கொண்டு. நீ வந்திருந்த கடைசிப் பத்து நாளில் நுரையீரல் வரை பரவியிருந்தது, பேச்சே வராது, நீ அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். நீ குளிக்கப் போகிற நேரம் பார்த்து ஒவ்வொரு நாளும் அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று போவேன், எனக்குத் தெரியும், நான் பார்த்தேன், மன்னித்துவிடுங்கள் என்று. போர்வையைச் சரி செய்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன்.

ஆகையால் உன் டாக்டரிடம் இரண்டு வருஷம் என்று சொல். அம்மாவுக்குத் தெரிந்திருந்தது என்றும் சொல், பரவாயில்லை. அவர் உன்னைப் பார்க்கிறபோது கை கால் இருபது நகத்திலும் பாலிஷ் இல்லாமல் போ, போட்டோவில் உன் நகம் சிவப்பாக இருக்கிறது, அழகாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அழித்துவிட்டுப் போ. உள்ளங்கால், விரல் இடுக்கு ஒன்றையும் விடாமல் காட்டு. மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ. ஏதாவது இருந்தால் அது என்னவென்று நீயாகவே முடிவு கட்டாதே, வீட்டில் இருக்கிற யார் சொன்னாலும் கேட்காதே, நான் சொன்னாலும்தான்.

உனக்கு ஒரு குறையும் வராது, நீண்ட ஆயுசோடு, நினைத்ததெல்லாம் நடந்து நன்றாக இருப்பாய், அப்பாவின் ஆசியும் அதில் சேர்த்தி. சனிக்கிழமை வந்தால் கை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் கிடக்கிறது, அவரைத் தேடுகிறேன், உன்னைத் தேடுகிறேன். இதைப் படித்துவிட்டு உனக்குக் கோபம் வரும், வரத்தான் வேண்டும். அதைப் போனில் கொட்டாதே, பேசாமலும் இருந்துவிடாதே, அப்பாவும் நானும் அப்படி இருந்தது போதும். டிக்கெட் கிடைக்கிறபோது கிளம்பி வந்து நேரில் என்னைத் திட்டு. ஒரு வார்த்தைகூடக் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா