அழித்தும் வந்த பென்சில் எழுத்து

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். கோயம்புத்தூர்க் காற்றும் இந்தப் பள்ளி விடுதியின் நூலக வேலையும் எனக்கு ஒத்துப்போகின்றன.

இங்கே ஒன்று நடந்தது, பயப்பட வேண்டாம். விடுதி மாணவிகள் வரிசையில் நின்று எடுத்துப் போகும் மாயாஜால நாவல் ஒன்று இருக்கிறது. இளவரசன் ஒரு பெண்ணைக் கோபுரத்தில் அடைத்து, "நீ சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்" என்கிறான். கடைசியில் அவள் அவனையே மணக்கிறாள். அதற்குக் காதல் என்று பெயர்.

இளவரசன் சொல்லும் அந்த வரியின் ஓரத்தில் யாரோ பென்சிலால் "ஆமாம்" என்று எழுதியிருந்தார்கள். நூலகப் புத்தகத்தில் கிறுக்குவதா என்று அழித்தேன். மறுவாரம் அதே இடத்தில் "ஆமாம்". மறுபடி அழித்தேன். மூன்றாம் முறை, தாள் கிழியும்படி அழுத்தி எழுதியிருந்தது. அப்போதுதான் புரிந்தது. நான் அழித்தது கிறுக்கல் அல்ல, ஒரு குழந்தையின் பேச்சு. கீழே "நான் நம்புவேன்" என்று எழுதி அலமாரியில் வைத்தேன்.

நேற்று எட்டாம் வகுப்பு லோகப்பிரியா வந்தாள்.

"ஏனுங்க மிஸ், நெசமாலுமே நம்புவீங்களா?"

"உட்காரும்மா. சொல்லு."

"லீவுக்குக் கூட்டிட்டுப் போக மாமா வாராருங்க. நான் போகலீங்க."

மீதியையும் சொன்னாள். தலைமையாசிரியையும் நானும் உடனே குழந்தைகள் உதவி எண்ணில் பேசினோம். அந்த ஆளுடன் அவளை அனுப்பமாட்டோம்.

லீவில் அவள் விடுதியிலேயே இருப்பாள்; அதனால் பொங்கலுக்கு நானும் வரமாட்டேன். எல்லோரும் போய்விட்டால் விடுதியில் சத்தமே இருக்காது. தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. என் கம்பளியை அனுப்புங்கள். பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு இன்னொன்றும்.

உங்கள் தங்கை,
வசுந்தரா